கழுத்தில் நீல நூல் கட்டிய பாட்டில்

இன்று காலை தேர்வாய் கண்டிகையிலிருந்து ஒரு ஐஸ்பெட்டி வந்தது. புதிதாக நம்மிடம் சேர்ந்திருக்கும் கம்பெனி. அவர்களுடைய கழிவுநீரை இதற்கு முன் நான் பார்த்ததில்லை. மூடியைத் திறந்தால் ஐஸ் பாதி உருகி, பாட்டில்கள் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. ஒரு லேபிள் வழக்கம்போலக் கழன்று தனியாக நீந்திக்கொண்டிருந்தது. அதை எடுக்கக் கையை விட்டபோது ஒரு பாட்டிலின் கழுத்தில் விரல் பட்டது. வெளியே எடுத்துப் பார்த்தேன். நீல நைலான் நூல். இரண்டு சுற்று, ஒரு முடிச்சு, மிச்ச நுனி ஒட்ட வெட்டப்பட்டிருந்தது.

நான் அவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. நீயும் சொல்லியிருக்க முடியாது. அந்தக் கம்பெனிக்குச் சுவர் எழும்புவதற்கு முன்பே நீ போய்விட்டாய்.

பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஐஸ் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. அந்தப் பாட்டிலின் சோதனை முடிந்ததும், மற்ற வேலை கிடக்கட்டும், முதலில் உனக்கு இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பெருமையாக இருக்கிறது. அதைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ உயிரோடு இருந்தபோது சொல்லியிருந்தால், "இன்னாடி, ஒடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாய்.

நாம் இருவரும் ஒரே வாரத்தில்தான் கும்மிடிப்பூண்டியில் இந்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். எனக்கு வேதியியல் பிரிவு, உனக்கு நுண்ணுயிரியல். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. என் பக்கம் அமிலமும் பாதரசமும் எரியும் வாடையும். உன் பக்கம் தட்டுத் தட்டாக வளர்த்துவைத்த கிருமிகள். தொழிற்பேட்டை எஸ்டேட்டில் இருக்கும் இரும்பு ஆலையும் மருந்துக் கம்பெனியும் அனுப்பும் கழிவுநீர், பழவேற்காட்டுப் பக்கத்து இறால் பண்ணைத் தண்ணீர், கேன் தண்ணீர் என்று எல்லாமே இரண்டு பாட்டிலாகத்தான் வரும். ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. எனக்கு வருகிற பாட்டிலில் தண்ணீர் கெடாமல் இருக்க, எடுக்கிற இடத்திலேயே கந்தக அமிலம் விட்டுவிடுவார்கள். உனக்கு வருவதில் விடக்கூடாது. விட்டால் நீ தேடுகிற கிருமி செத்துப்போகும். இரண்டும் ஒரே அளவு, ஒரே வெள்ளைப் பிளாஸ்டிக். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

நான் மீஞ்சூரில் ரயில் ஏறுவேன். வள்ளூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து மூச்சு வாங்க ஏறினாலும், உனக்காக ஜன்னலோரத்தில் சாப்பாட்டுப் பையை வைத்து இடம் பிடித்துவிடுவேன். பொன்னேரியில் நீ ஏறுவாய். நீ ஏறுவதற்கு முன்னால் உன் குரல் ஏறிவிடும். பஸ் கண்டக்டர் ஆகியிருக்க வேண்டியவள் என்று உன்னைக் கேலி செய்யாத நாளே இல்லை. உன் டப்பாவில் காலை நாஷ்டாவுக்கே இறால் தொக்கு இருக்கும். கவரப்பேட்டை வருவதற்குள் பெட்டி முழுக்க மணக்கும். ஒருமுறை எதிர் சீட்டில் இருந்த பெரியவர் முகத்தைச் சுளித்தபோது, ஒரு இட்லியில் தொக்கைத் தடவி அவரிடமே நீட்டினாய். அவரும் வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் அதே சீட்டில் வந்து உட்கார்ந்திருந்தார்.

வேலையில் மட்டும் நீ வேறு ஆள். கழிவு என்று வந்துவிட்டால் உனக்குச் சிரிப்பே வராது. உன் தட்டுகளை மஞ்சள் பையில் போட்டு, ஆட்டோகிளேவில் அழுத்த நீராவியில் வேகவைத்து, அதற்கு அப்புறம்தான் வெளியே விடுவாய். மீந்த தண்ணீரைக் கழுவும் அறையில் பிளீச்சிங் கரைசல் தொட்டியில் ஊற்றி ஊறவிடுவாய். என் பக்கத்துக் கழிவை உன் தொட்டி அருகே கொண்டுவரக் கூடாது என்று முதல் மாதமே சட்டம் போட்டாய். எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம், எல்லாம் அழுக்குத் தண்ணிதானே என்று நான் சீண்டினேன். நீ தட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

"என் கிருமி வெந்தா செத்துடும்டி. உன் பாதரசம் சாவுமா?"

அந்த ஒரு கேள்வியை இன்றுவரை புதிதாக வருகிற எல்லோரிடமும் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கிருமிக்கான வழி ஒன்று, ரசாயனத்துக்கான வழி இன்னொன்று. ஒன்றுக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றோடு சேர்ந்தால் விஷம். பிளீச்சிங் கரைசலில் அமிலம் விழுந்தால் குளோரின் வாயு கிளம்பும். படித்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்துவைத்திருந்தும் அது நடந்தது.

கழுவும் அறையில் அமுலு அக்கா. காண்டிராக்டில் வந்தவர், நமக்கு முன்பிருந்தே இருப்பவர். இந்த எஸ்டேட்டில் இப்போது கம்பெனிகள் நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் நாற்று நட்டவர் அவர். "இங்கதான் கால்ல சேறு, இப்ப இங்கியே கால்ல பூட்சு" என்று சிரிப்பார். அலமாரியில் இடது தட்டு உன்னுடையது, வலது தட்டு என்னுடையது. இடது தட்டில் வைத்தவற்றை அவர் பிளீச்சிங் தொட்டியில் ஊற்ற வேண்டும். வலது தட்டில் இருப்பவற்றைத் தொடவே கூடாது. அவை அமிலத்தைச் சமன் செய்யும் என் சுண்ணாம்பு கேனுக்குப் போகும். அக்கா அதில் ஒருநாளும் தவறியதில்லை.

அன்றைக்கு மழை. ஐஸ்பெட்டி ஏதோ ஒரு கம்பெனி வாசலில் வெகுநேரம் கிடந்து வந்திருந்தது. லேபிள்கள் ஊறி உரிந்துவிட்டன. பெட்டியைப் பிரித்த யாரோ ஒரு கை, அனுமானத்தில் பிரித்து அடுக்கிவிட்டது. அமிலம் விட்ட பாட்டில் ஒன்று உன் இடது தட்டுக்குப் போய், அங்கிருந்து பிளீச்சிங் தொட்டிக்கும் போய்விட்டது. மதியச் சாப்பாடு முடிந்து நாம் கை கழுவிக்கொண்டிருந்தபோது அந்த வாடை வந்தது. நீச்சல்குளத்து வாடை மாதிரி, ஆனால் தொண்டையைப் பிடிக்கிற மாதிரி. நான் என்ன என்று யோசிப்பதற்குள் நீ ஓடிவிட்டாய்.

மூக்கைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு உள்ளே போய், சுருண்டு இருமிக்கொண்டிருந்த அக்காவை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, பின் கதவை உதைத்துத் திறந்து வெளியே இழுத்துக்கொண்டு போனாய். மழையிலேயே உட்காரவைத்து, காற்று வருகிற பக்கம் அவர் முகத்தைத் திருப்பினாய். உள்ளே யாரும் போகாமல் நான் நடுக்கதவைச் சாத்தி நின்றேன். அக்காவின் கண்கள் சிவந்து நீர் கொட்டியது. பேச வாயெடுத்தவரைப் பேச விடவில்லை நீ. கம்பெனி வண்டியில் ஏற்றும்போதும் அவர் கையை விடவில்லை.

அக்கா பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, சில நாள் படுக்கவைத்து அனுப்பினார்கள். மூச்சு சரியாகிவிட்டது. அதற்குள் வேலை போய்விட்டது.

மேனேஜர் கெட்டவர் இல்லை. அதை நீயே பலமுறை சொல்லியிருக்கிறாய். ஆனால் அங்கீகாரம் கொடுக்கும் ஆய்வுக்குழு வருகிற நேரம். நடந்ததற்கு ஒரு காரணம் காட்டியாக வேண்டும். காரணத்துக்கு ஒரு ஆள் வேண்டும். கழுவுகிறவர் கவனக்குறைவாக ஊற்றிவிட்டார், ஆளை மாற்றிவிட்டோம் என்றால் கேள்வி அத்தோடு முடிந்துவிடும். காண்டிராக்டரிடம் வேறு ஆள் அனுப்பச் சொல்லிவிட்டார். அக்காவின் வயதில் இந்த எஸ்டேட்டில் இன்னொரு கம்பெனி கேட்டுக்குள் விடமாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ரயிலில் அன்று நீ டப்பாவைத் திறக்கவே இல்லை. பெட்டியைப் பிரித்தது யார் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் அக்கா தப்பித்துவிடுவாரே என்றேன் நான்.

நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "கை யாரோடதுன்னு தேடிக்கினு இருந்தா கைதான் கெடைக்கும். பாட்டில் அப்பிடியேதான இருக்கும்?"

மறுநாள் காலை மேனேஜர் வந்ததும் அவரைக் கழுவும் அறைக்குக் கூப்பிட்டாய். என்னையும் கூப்பிட்டாய். ஐஸ் தண்ணீர் நிறைந்த வாளியில் இரண்டு பாட்டில்கள் கிடந்தன. லேபிள் இல்லை. இதில் எதை சார் பிளீச்சிங் தொட்டியில் ஊற்றுவது என்று கேட்டாய். அவர் இரண்டையும் தூக்கிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார். அமிலம் காட்டும் லிட்மஸ் தாள் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். பார்க்கலாம்தான், ஆனால் அப்படிப் பார்க்க வேண்டும் என்று அக்காவுக்கு நாம் யாராவது சொன்னோமா, தாளையாவது கொடுத்தோமா என்றாய். அடுத்து என் பக்கம் திரும்பினாய். அமிலத்திலேயே குளித்து எழுகிறவள் நான், எனக்கும் தெரியவில்லை. நீ ஏதோ தந்திரம் வைத்திருக்கிறாய், இப்போது சரியான பாட்டிலை எடுத்துக் காட்டி அவரை மடக்கப் போகிறாய் என்று காத்திருந்தேன். நீ அப்படிச் செய்யவில்லை.

"எனக்கும் தெரியல சார். இந்தத் தொட்டிக்கு இன்சார்ஜ் நானு. அனுப்பறதா இருந்தா மொதல்ல என்னிய அனுப்புங்க."

குரல் உயரவில்லை. உன் குரல் உயராமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். உன் தம்பிக்கு அப்போது வேலை இல்லை, உன் நைனா கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார்; உன் வேலை உன் வீட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். மேனேஜர் பாட்டில்களை வாளியிலேயே திரும்பப் போட்டார். கடைசியில், ஆய்வுக்குழு வருவதற்குள் இதற்கு ஒரு வழி காட்டு, அக்கா விஷயத்தை அப்புறம் பார்க்கலாம் என்றார். வழி காட்டினால் அக்கா வருவார் இல்லையா என்று நீ அங்கேயே கேட்டு, அவர் தலையசைக்கும் வரை கதவை மறித்து நின்றாய்.

வழி தேடுவது லேசாக இல்லை. வண்ண ஸ்டிக்கர் ஒட்டினோம், ஐஸில் உரிந்தது. மார்க்கர் பேனாவால் எழுதினோம். ஸ்பிரிட் பட்ட கை பட்டதும் அழிந்தது. சிவப்பு மூடி வாங்கிப் போட்டோம். கழுவிக் காயவைத்து மறுபடி மூடும்போது மூடிகள் மாறின. நான் சலித்துப்போய் பேஜாரு பிடித்த வேலை என்றேன். ஒரு திங்கட்கிழமை பொன்னேரியில் நீ ஏறினாய், கையில் ஒரு நூல்கண்டு. பழவேற்காட்டில் வலைக்கு வாங்குகிற நீல நைலான் நூல்.

உங்கள் ஊரில் வலையில் எந்த இடம் யாருடைய பங்கு என்று தெரிய, ஓரத்தில் வேறு நூலில் முடிச்சுப் போட்டுவைப்பார்களாம். தண்ணீருக்குள், இருட்டில், விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார்களாம். கண்ணுக்கு எதற்கு வேலை வைக்கிறோம், கைக்கு வைப்போம் என்றாய். கும்மிடிப்பூண்டி வந்து சேர்வதற்குள் என் தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் கட்டிக் காட்டினாய். கண்ணை மூடிக்கொண்டு தடவச் சொன்னாய். ரயிலில் அத்தனை பேர் பார்க்க, நானும் கண்ணை மூடிக்கொண்டு தடவினேன்.

நீ போட்ட விதி சின்னது. பாட்டிலில் அமிலம் விடுகிற கையே நூலைக் கட்ட வேண்டும். அதைச் சுண்ணாம்பில் சமன் செய்கிற கைதான் வெட்ட வேண்டும். நடுவில் யாரும் தொடக்கூடாது. கழுத்தில் நூல் இருக்கிற எதுவும் பிளீச்சிங் தொட்டிப் பக்கம் போகக்கூடாது. சாம்பிள் எடுக்கப் போகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு நூலும் கத்தரியும் கொடுத்தாய். கட்டினவர் பெயரை எழுதச் சொல்லலாமா என்று மேனேஜர் கேட்டதற்கு, "பேரு வாணாம் சார், கட்டு இருந்தா போதும்" என்றாய்.

அவருக்கு வெட்கம்தான். அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் வலை நூலா என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். ஆய்வுக்குழுவில் வந்த அம்மையார் கறாரானவர். தொட்டி அருகே வந்ததும் நூலைத்தான் முதலில் பிடித்தார். இது எந்த விதிமுறையில் இருக்கிறது என்று கேட்டார்.

"எதுலயும் இல்ல மேடம். எங்க தொட்டியிலதான் கீது" என்றாய்.

கீது என்று நீ சொன்னதும் எனக்கு உயிரே போயிற்று. அந்த அம்மையார் சிரிக்கவில்லை. நடந்தது என்ன என்று கேட்டார். அக்கா பாட்டிலை ஊற்றியது, லேபிள் உரிந்தது, உனக்கே அடையாளம் தெரியாதது வரை ஒன்றையும் மறைக்காமல் சொன்னாய். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பாட்டில்கள் மிதந்த ஐஸ் வாளிக்குள் கையை விட்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நூல் கட்டியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே, கழுவுகிற அந்த அம்மா எங்கே, அவரைப் பார்க்க வேண்டும் என்றார்.

அடுத்த வாரம் அமுலு அக்கா திரும்பி வந்தார். வரும்போது உனக்கு ஒரு முழம் கனகாம்பரம் வாங்கி வந்தார். வேலை நேரத்தில் பூ வைக்கக்கூடாது என்று விதி போட்டதே நீதான். அன்று மட்டும் வைத்துக்கொண்டாய், தொப்பிக்கு உள்ளே.

ஆய்வுக்கூடத்தின் சுவரில் உன் பெயரைப் போட்டு ஒரு பலகை மாட்ட வேண்டும் என்று நான் எத்தனை முறை சொன்னேன். பலகையில் ஒட்டடை படியும், அதைத் துடைக்க ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லிச் சிரித்துவிட்டாய். உனக்குக் கோபமாக எழுத வேண்டும் என்றால் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் எழுதுவேன். உன்னைப் பற்றி நான் பெருமையாகப் பேசுவதற்கு நீ ஒருநாளும் இடம் கொடுக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து உனக்கு மார்பில் கட்டி என்று தெரிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் பார்க்க வந்த ஒரு மதியம், உன் வீட்டுக்காரர் வாழைப்பழத் தோலை மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் தொட்டியில் போட்டுவிட்டார். தலையைத் தூக்க முடியாமல் கிடந்த நீ, அவரைக் கைகாட்டி நிறுத்தினாய். மஞ்சள் எதற்கு, சிவப்பு எதற்கு என்று மூச்சு வாங்க வாங்க அவருக்குப் பாடம். பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்து எழுதிக்கொள்ளாத குறை. நர்ஸ் உன்னிடம், எந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறீர்கள் மேடம் என்று கேட்டாள். நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். நான் வெளியே தாழ்வாரத்துக்கு வந்து அழுதேன். சிரித்துக்கொண்டே அழுதேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், ஆனால் அப்படித்தான்.

இப்போது நுண்ணுயிரியலில் உன் இடத்தில் வேறொரு பெண் இருக்கிறாள். நல்ல பெண். ஜன்னலோரத்தில் இன்னும் பையை வைத்துவிடுகிறேன்; பொன்னேரி தாண்டியதும் எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். என் வெள்ளைக் கோட்டின் பையில் உன் நூல்கண்டு இருக்கிறது. நீ வாங்கிய முதல் கண்டு எப்போதோ தீர்ந்துவிட்டது. இது நானே பழவேற்காடு போய் வாங்கியது. கடைக்காரர் என்ன வலை என்று கேட்டார். பாட்டிலுக்கு என்றேன். ஒரு மாதிரி பார்த்தார்.

காலையில் தேர்வாய் கண்டிகைக்குப் போன் போட்டேன். அங்கே ஆய்வுக்கூடம் பார்த்துக்கொள்கிற பெண் எடுத்தாள், பெயர் சங்கீதா. சின்னக் குரல். பாட்டிலில் நூல் கட்டியது யார் என்று கேட்டதும் பயந்துவிட்டாள். தப்பாகக் கட்டிவிட்டோமா மேடம் என்றாள். இல்லை, இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். முன்னால் வேலை பார்த்த கம்பெனியில் கட்டுவார்களாம். அதற்கு முன்னால் படிக்கும்போது பயிற்சிக்குப் போன இடத்திலும் கட்டினார்களாம்.

"எல்லாரும் கட்டுறதுதான மேடம்? ரூல்ல இருக்குதே."

எந்த ரூலிலும் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் தேடிப் பார்த்திருக்கிறேன். ஆமாம்மா, ரூல்தான், விடாமல் கட்டுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். உன் பெயரைச் சொல்ல வாய் வரை வந்தது. பலகை, ஒட்டடை என்று நீ சிரிப்பது கேட்டது. சொல்லவில்லை.

ஆனால் ஒருவரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. சோதனை முடிந்ததும் அந்தப் பாட்டிலைக் கழுவும் அறைக்கு நானே கொண்டுபோனேன். அமுலு அக்கா யாரிடமோ பேசிக்கொண்டே கையை நீட்டி வாங்கினார். கட்டைவிரல் கழுத்தில் ஒருமுறை ஓடியது. பேச்சை நிறுத்தாமல், திரும்பிப் பார்க்காமல், வலது தட்டில் வைத்தார். அக்கா, இது நம்முடையது இல்லை, தேர்வாய் கண்டிகையிலிருந்து வந்திருக்கிறது, நாம் சொல்லாமலே அவர்களாகக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்றேன்.

அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். பாட்டிலைத் திரும்ப எடுத்து, கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் விரலால் அந்த முடிச்சை மறுபடி தடவினார்.

"எங்கெங்க போய்க்கினு கீது பாரும்மா, அந்தப் பொண்ணு" என்றார்.